கோழிக்கறி: கழுவிச் சமைப்பதா, கழுவாமல் சமைப்பதா?

கடையிலிருந்து வந்த கோழிக்கறியைக் கழுவாமல் அடுப்பில் ஏற்றுவது நம் வீடுகளில் பெரும்பாலோருக்கு நினைத்தாலே கூசும் செயல். நாலு தண்ணீர், ஐந்து தண்ணீர் மாற்றி, மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டுப் பிசைந்து, வடிகிற நீர் தெளியும்வரை அலசினால்தான் கறி சமைக்கத் தகுதியானது என்று பழகியிருக்கிறோம். அமெரிக்க வேளாண் துறையும் பிரிட்டனின் உணவுத் தர முகமையும் இதற்கு நேர்மாறாக, பச்சைக் கோழியைக் கழுவவே வேண்டாம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. அந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்வதா, அது வேறு நாட்டுச் சமையலறைக்குச் சொன்னது என்று தள்ளிவிடுவதா என்பதை, நம்மிடம் வரும் கறி எப்படிப்பட்டது, அதை எங்கே வைத்துக் கழுவுகிறோம் என்ற இரண்டையும் பார்த்த பிறகே முடிவு செய்ய முடியும்.

பச்சைக் கோழியில் நாம் முதன்மையாக அஞ்ச வேண்டியவை சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்னும் இரண்டு பாக்டீரியாக்கள். இவை பறவையின் குடலில் வாழ்பவை. அறுத்துக் குடலெடுக்கும்போது தோலிலும் இறைச்சியிலும் படிந்துவிடுகின்றன. பறவை நல்ல ஆரோக்கியத்தோடு இருந்திருக்கலாம், கறியின் நிறமும் மணமும் குறையில்லாமல் இருக்கலாம், அப்போதும் இவை இருக்கக்கூடும். கேம்பிலோபாக்டர் சில நூறு உயிரணுக்கள் வயிற்றுக்குள் போனாலே காய்ச்சலையும் வயிற்றுவலியையும் ரத்தம் கலந்த பேதியையும் உண்டாக்க வல்லது. அரிதாகச் சிலருக்கு அதைத் தொடர்ந்து கைகால் தசைகளைத் தளர்த்தும் கில்லன் பாரே என்னும் நரம்பு நோயும் வருகிறது. இந்தக் கிருமிகள் இறகு முளைத்திருந்த குழிகளிலும் தோலின் மடிப்புகளிலும் தசையின் மேற்பரப்பிலும் ஒட்டிக்கொண்டிருப்பதால், எத்தனை தண்ணீர் மாற்றினாலும் முழுவதும் போவதில்லை.

அவற்றைக் கொல்வது சூடு. கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால் போதும் என்பது அமெரிக்க அளவுகோல். உட்பகுதி 70 டிகிரியில் இரண்டு நிமிடம் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் அளவுகோல். நம் கோழிக் குழம்பு 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி வரை போகிறது. எலும்போடு சிறு துண்டுகளாக வெட்டி அரைமணி நேரம் கொதிக்கவிட்ட கறியில், அதைக் கழுவியிருந்தாலும் கழுவாமல் விட்டிருந்தாலும், இந்தக் கிருமிகள் பிழைத்திருக்க வழியில்லை. ஆகவே கிருமியைப் போக்குவதற்காகக் கழுவுகிறோம் என்ற காரணம் நிற்கவில்லை. ரத்தக் கட்டி, இறகின் வேர், எலும்புச் சில்லு, கவுச்சி வாடை ஆகியவற்றைப் போக்கக் கழுவுகிறோம் என்ற காரணம் மட்டும் நிற்கிறது. அது உண்மையான காரணம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், மிகப் பரவலான வழியான குழாயடியில் பிடித்து அலசுவதை எடுத்துக்கொள்வோம். என் பார்வையில் எல்லா வழிகளிலும் மோசமானது இதுதான். குழாயிலிருந்து விழும் நீர் கறியின் வளைந்த, வழுவழுப்பான பரப்பில் மோதித் துளிகளாகச் சிதறுகிறது. பிரிட்டனின் தேசிய நலச் சேவை இந்தத் துளிகள் எல்லாப் பக்கமும் 50 சென்டிமீட்டருக்கும் மேல் போகக்கூடும் என்று எச்சரிக்கிறது. 2022ஆம் ஆண்டு இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வில், குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகத் தெறிப்பு ஏற்படுவதும், கோழியின் மென்மையான சதை நீரின் வேகத்தில் குழிந்து தெறிப்பை இன்னும் கூட்டுவதும், தெறித்த துளிகளில் உயிருள்ள பாக்டீரியாக்கள் இருப்பதும் தெரியவந்தன. புதிய அடுக்குமாடி வீடுகளில் வளைந்து உயர்ந்த குழாய்களே அதிகம் பொருத்தப்படுகின்றன என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

தெறிப்பு எங்கே போய் விழுகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். நம் சிங்க்கைச் சுற்றி இருப்பவற்றை ஒருமுறை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள்: கழுவிக் கவிழ்த்த தட்டுகளும் டம்ளர்களும், குடிநீர் சுத்திகரிப்பானின் குழாய், கொத்தமல்லிக் கட்டு, நறுக்கக் காத்திருக்கும் வெள்ளரிக்காய். குழம்புக்குள் போகும் எதுவும் வெந்துவிடும். வேகாமல் வாய்க்குப் போவது பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயத் தயிர்ப் பச்சடி, மேலே தூவும் மல்லித்தழை, பிழிவதற்கு நறுக்கிய எலுமிச்சை, கவிழ்த்து வைத்த டம்ளர். கோழியால் வந்த வயிற்றுப்போக்கு என்று நாம் கோழியைக் குறை சொல்லும்போது, உண்மையில் பச்சடி வழியாகக் கிருமி போயிருக்கக் கூடும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்க வேளாண் துறைக்காக வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 300 பேரைச் சோதனைச் சமையலறைகளில் கோழித் தொடையும் பச்சைக் காய்கறி சாலடும் செய்யச் சொல்லி, கோழியில் தீங்கற்ற ஒரு பாக்டீரியாவை அடையாளத்துக்காகத் தடவி, அது எங்கெல்லாம் போகிறது என்று தேடினார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதத்தினரின் சிங்க்கில் அந்த பாக்டீரியா இருந்தது. சிங்க்கைத் துலக்கிய பிறகும் 14 சதவீதத்தினரின் சிங்க்கில் அது மிஞ்சியிருந்தது. 26 சதவீதத்தினரின் சாலட் இலையில் அது ஏறியிருந்தது. தாங்கள் சுத்தமாகச் சமைத்ததாகவே அவர்கள் நம்பியிருப்பார்கள். கழுவியதே அந்த நம்பிக்கையைக் கொடுத்திருக்கும்.

கழுவும் பழக்கம் நமக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 2014இல் பிரிட்டனின் உணவுத் தர முகமை நடத்திய கணக்கெடுப்பில் 44 சதவீதத்தினர் கோழியை எப்போதும் கழுவுவதாகச் சொன்னார்கள். அழுக்குப் போகும், கிருமி போகும், எப்போதும் அப்படித்தான் செய்கிறோம் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். அந்நாட்டில் அப்போது கேம்பிலோபாக்டரால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,80,000 பேர் நோயுறுவதாக அந்த முகமை மதிப்பிட்டிருந்தது. கழுவ வேண்டாம் என்ற பிரசாரம் அதையொட்டித்தான் எழுந்தது.

நம் முன்னோர் கழுவியது தவறா என்றால், அவர்கள் கழுவிய இடத்தைப் பார்க்க வேண்டும். கிராமத்து வீட்டில் கோழி அடித்து, உரித்து, அரிந்து, அலசியதெல்லாம் கொல்லையில், கிணற்றடியில், வாழைக்குத் தண்ணீர் பாயும் ஓரத்தில். கறிக்கென்று தனிச் சட்டி, தனி அரிவாள்மணை வைத்திருந்த வீடுகள் உண்டு. அடுப்பையே வெளியே மூட்டிய வீடுகளும் உண்டு. கழுவிய நீர் மண்ணில் இறங்கியது. அதன் மேல் வெயில் அடித்தது. சமையற்கட்டுக்கும் அந்த இடத்துக்கும் பத்திருபது அடி தூரம் இருந்தது. அந்தத் தூரம்தான் அவர்களைக் காத்தது. வீடு மாறியபோது கழுவுவதை மட்டும் உள்ளே கொண்டுவந்தோம். கொல்லையைக் கொண்டுவர முடியவில்லை. இன்றும் பின்கட்டில் தனித் தொட்டியும் குழாயும் உள்ளவர்கள் அங்கே வைத்துக் கழுவினால், மேலே சொன்ன ஆபத்தில் பெரும்பகுதி அவர்களுக்கு இல்லை. கையையும் பாத்திரத்தையும் பற்றிய கவலை மட்டுமே மிஞ்சும்.

மஞ்சள், உப்பு, எலுமிச்சை, வினிகர், மோர் ஆகியவற்றால் கழுவினால் கிருமி செத்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. இரண்டு நிமிடப் பிசைவில் அது கிருமியைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. உப்பும் புளிப்பும் கவுச்சியை நன்றாகவே குறைக்கின்றன; அதற்காக அவற்றைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உப்புநீரோ வினிகரோ எலுமிச்சைச் சாறோ கிருமிகளை ஒழிக்காது என்று அமெரிக்க வேளாண் துறை தெளிவாகச் சொல்கிறது. கவுச்சி போவதற்கு மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, தயிர் ஆகியவற்றைக் கறியில் பிசறி ஊறவைத்து, அந்தக் கலவையோடு அப்படியே சமைத்துவிடுவது, அவற்றைக் கரைத்துக் கழுவிக் கொட்டுவதைவிட எல்லா வகையிலும் மேல். ஈரம் சொட்டும் கறியில் மசாலா ஒட்டாது, வறுவலும் நிறம் பிடிக்காது என்பதைச் சமைப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி, கழுவாமல் சமைக்கும் வழி. இங்கே கறி எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஆலையில் சுத்தம் செய்து, குளிர்வித்து, பொட்டலமாக வரும் துண்டுகளில் இறகும் குடலும் இருப்பதில்லை. அடியில் தேங்கியிருக்கும் சிவந்த நீரும் பெரும்பாலும் ரத்தமில்லை, தசையிலிருந்து கசிந்த நீரும் அதிலுள்ள மயோகுளோபின் என்னும் நிறமிப் புரதமும்தான். இதைக் கழுவுவதால் பயன் ஏதும் இல்லை. பொட்டலத்தைப் பாத்திரத்துக்குள் வைத்தே வெட்டி, நீரை வடியவிட்டு, தேவைப்பட்டால் காகிதத் துவாலையால் ஒற்றியெடுத்து, அந்தக் காகிதத்தை உடனே குப்பையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. துணியால் துடைப்பது கூடாது. அந்தத் துணி அடுத்து எதைத் துடைக்கும் என்று யாருக்கும் உறுதி கிடையாது.

நம்மில் பலர் வாங்குவது அப்படிப்பட்ட கறியில்லை. பல்லடத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் கூண்டு வண்டியில் வந்த பிராய்லர் கோழியைக் கடையிலேயே அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு உரிக்கும் எந்திரத்தில் சுழற்றி அல்லது தோலோடு உரித்து, மரக்கட்டையின் மேல் வெட்டித் தருகிறார்கள். அந்தக் கட்டையின் மேல் காலையிலிருந்து எத்தனையோ கோழிகள் வெட்டுப்பட்டிருக்கும். துண்டுகளில் எலும்புச் சில்லும் ரத்தக் கட்டியும் முதுகெலும்பை ஒட்டிய நுரையீரல் துணுக்கும் சில வேளை மரத்துகளும் இருக்கும். இப்படிப்பட்ட கறியைக் கழுவாமல் சமையுங்கள் என்று சொல்வது, மேலை நாட்டு அறிவுரையை அது பிறந்த சூழலைப் பார்க்காமல் ஒப்பிப்பதாகும். இந்தக் கறிக்கு ஏதேனும் ஒரு வகைச் சுத்தம் தேவை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தச் சுத்தத்தைத் தண்ணீர் இல்லாமலே பெரும்பாலும் செய்துவிடலாம். அகலமான தட்டில் கறியைப் பரப்பி, துண்டு துண்டாக எடுத்து, சில்லையும் கட்டியையும் கொழுப்பையும் விரலாலோ சிறு கத்தியாலோ அகற்றினால், நாலு தண்ணீரில் அலசுவதைவிடக் கறி கண்ணுக்குத் தெரியும்படி சுத்தமாகிறது; ஏனெனில் அலசும்போது சில்லு ஒரு துண்டிலிருந்து கழன்று இன்னொரு துண்டில் ஒட்டிக்கொள்கிறது. கடையிலேயே தோலுரிக்கச் சொல்லி, நுரையீரலை எடுத்துவிடச் சொல்லி, பெரிய துண்டாக வெட்டி வாங்கினால் சில்லும் குறையும், வீட்டு வேலையும் குறையும். தோலோடு சமைக்கும் நாட்டுக்கோழிக்கு மஞ்சள் தடவித் தீயில் வாட்டும் பழைய முறை, எஞ்சிய பூமுடியைத் தண்ணீரைவிடத் திறமாகப் போக்குகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தண்ணீராவது பார்க்காமல் மனம் ஒப்பாது என்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பாத்திரத்துக்குள் முக்கிக் கழுவும் முறை. வாயகன்ற, ஆழமான பாத்திரத்தில் முதலில் கறியை வைத்து, குவளையால் பாத்திரத்தின் ஓரமாக மெல்ல நீரூற்றி, கறி முழுகிய பின் கையை நீருக்குள்ளேயே வைத்துப் புரட்டிவிட்டு, துண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சமைக்கும் பாத்திரத்திலேயே போட வேண்டும். குழாயைக் கறியின் மேல் நேராகத் திறக்கக் கூடாது. துளையிட்ட கூடையில் போட்டு உதறவும் கூடாது. கழுவிய நீரைச் சிங்க்கில் கவிழ்க்காமல், வெளிச் சாக்கடையிலோ கழிப்பறையிலோ தாழ்வாகப் பிடித்து மெதுவாக ஊற்றுவது நல்லது. ஒரு தண்ணீர் போதும், மிஞ்சினால் இரண்டு. நீர் கண்ணாடிபோல் தெளிய வேண்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. தசையிலிருந்து நிறமி கசிந்துகொண்டே இருக்கும், தண்ணீரும் சிவந்துகொண்டே இருக்கும்.

சில வீடுகளில் கறியைக் கொதிநீரில் போட்டு ஒரு கொதி வந்ததும் அந்த நீரை வடித்துவிட்டுப் பிறகு தாளிப்பார்கள். தெறிப்பு இல்லை, ரத்தமும் நுரையாகத் திரண்டு போய்விடுகிறது என்ற அளவில் இது பாதுகாப்பானது. சுவையின் ஒரு பங்கு அந்த நீரோடு போகிறது, உட்பகுதி இன்னும் பச்சையாகவே இருக்கிறது என்ற இரண்டையும் அறிந்து செய்தால் சரி.

ஆலைகளிலேயே கோழியைக் கழுவுகிறார்களே என்று ஒரு கேள்வி எழலாம். கழுவுகிறார்கள், அமெரிக்க ஆலைகளில் குளிர்ந்த நீரில் குளோரின் முதலியவற்றை அளந்து கலந்து முக்குவதும் வழக்கம். அந்த முறையால் கழுவிய கோழியை ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதல் ஏற்பதில்லை. வேதிக் கழுவலை நம்பி முந்தைய கட்டங்களில் சுத்தம் தளர்ந்துவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். அங்கேயே கழுவுவது இப்படி விவாதத்துக்கு உரியதாக இருக்கிறது. வீட்டுக் குழாயில் குளோரின் அளவும் இல்லை, குளிரூட்டலும் இல்லை. பச்சடி இருக்கும் மேடையும் பக்கத்திலேயே இருக்கிறது.

கழுவாதவர்கள் இதைப் படித்து நிம்மதி கொள்வதற்கும் இடமில்லை. முன்பு சொன்ன அதே 2019 ஆய்வில் கோழியைக் கழுவாதவர்களில் 31 சதவீதத்தினரின் சாலட் இலையிலும் அந்த பாக்டீரியா இருந்தது. கழுவ வேண்டாம் என்று சொல்பவர்கள் பலர் இந்த எண்ணைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ அந்த ஆய்விலேயே முக்கியமான எண் இதுதான் என்று தோன்றுகிறது. தண்ணீர் தெறிக்காமலே கிருமி போயிருக்கிறது என்றால், அதைக் கை கொண்டு போயிருக்கிறது. 2022இல் அமெரிக்காவில் வெளியான மற்றோர் ஆய்வில், அரைத்த வான்கோழிக் கறியைச் சமைத்தவர்களின் மசாலாக் குப்பிகளில் ஏறக்குறையப் பாதியில் கறியிலிருந்த அடையாள நுண்ணுயிர் ஒட்டியிருந்தது. நம் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது அஞ்சறைப்பெட்டி. கறி பிசைந்த கையாலேயே மூடியைத் திறந்து மிளகாய்த்தூள் எடுக்கிறோம். உப்பு ஜாடி, குழாயின் திருகு, குளிர்பெட்டிக் கைப்பிடி, கைபேசி என்று அந்தக் கை போய்க்கொண்டே இருக்கிறது.

எனவே எந்த வழியைத் தேர்ந்தாலும் வரிசை ஒன்றுதான். பச்சடியும் மல்லித்தழையும் எலுமிச்சையும் கறிப்பையைப் பிரிப்பதற்கு முன்பே நறுக்கி மூடி, தள்ளி வைக்கப்பட வேண்டும். தேவையான தூள்களைச் சிறு கிண்ணத்தில் அளந்து எடுத்து வைத்துக்கொண்டால் அஞ்சறைப்பெட்டியைத் தொட வேண்டியிராது. கறி அடுப்பில் ஏறியதும் கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு தட்டு, கத்தி, சிங்க், மேடை, குழாய்த் திருகு எல்லாவற்றையும் சோப்பால் துலக்கி, ஏறத்தாழ நான்கு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனை கலக்காத பிளீச் கலந்து தடவிச் சில நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். சோப்பு நாரால் கறித்தட்டைத் தேய்த்துவிட்டு அதே நாரால் குழந்தையின் டம்ளரைத் தேய்ப்பது, குழாயடியில் கறியை அலசுவதற்கு எவ்வகையிலும் குறைந்த தவறில்லை.

நாற்றம் வீசும் கறியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாடை அதிகமாக இருக்கிறது என்று கூடுதலாக இரண்டு தண்ணீர் கழுவி, உப்பும் மஞ்சளும் இரட்டிப்பாகப் போட்டுச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள். கவுச்சி வேறு, கெட்டுப்போன முடைநாற்றம் வேறு. பிசுபிசுத்து நாறும் கறியில் சில பாக்டீரியாக்கள் நச்சை உண்டாக்கி வைத்திருக்கலாம். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் விடும் நச்சு கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. அந்தக் கறியைக் கழுவியும் காப்பாற்ற முடியாது, வேகவைத்தும் காப்பாற்ற முடியாது, கொட்டிவிட வேண்டும். பச்சைக் கறி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளி வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறையின் வரம்பு. நம் ஊரில் ஆண்டில் பல மாதங்கள் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கறி வாங்கி, பத்து மணிவரை மேடையில் வைத்துவிட்டு, பிறகு பக்தியோடு ஐந்து தண்ணீர் கழுவுவதைவிட, வந்ததும் மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுக் கழுவாமலே சமைப்பது பல மடங்கு பாதுகாப்பானது.

என் தேர்வைக் கேட்டால், பொட்டலக் கறிக்குத் தண்ணீரே வேண்டாம். கடையில் வெட்டிய கறிக்குக் கையால் ஆய்ந்து எடுப்பது போதும். பின்கட்டு உள்ள வீட்டில் அங்கே வைத்துக் கழுவுவதில் குற்றமில்லை. வீட்டில் அம்மாவோ மாமியாரோ கழுவாத கறியைத் தொடமாட்டேன் என்றால், அவரோடு ஆய்வு எண்களைச் சொல்லி வாதிடுவதைக் காட்டிலும், ஆழமான பாத்திரம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, குழாயைத் திறக்காமல் குவளையால் ஊற்றிக் கழுவச் சொல்லி, அவர் கழுவத் தொடங்கும் முன் சிங்க்கைச் சுற்றியிருக்கும் டம்ளர்களையும் மல்லிக்கட்டையும் நாமே அப்புறப்படுத்திவிடலாம்.